கேலப் க்யூ12: கேள்வி பன்னிரண்டு, விடுபட்டது சம்பளம்

ஊழியர் ஈடுபாட்டை அளக்க அமெரிக்க ஆய்வு நிறுவனமான கேலப் உருவாக்கிய க்யூ12 கருத்தாய்வில் 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் உடன்படவில்லை) முதல் 5 (முழுதும் உடன்படுகிறேன்) வரை மதிப்பெண். இதன் பலம், சில கேள்விகளில் கால அளவு இருப்பது: கடந்த 7 நாளில் பாராட்டு கிடைத்ததா, 6 மாதத்தில் முன்னேற்றம் பற்றி யாராவது பேசினார்களா. மேலாளர் மறுநாளே சரிசெய்யக்கூடியவை இவை. ‘வேலையிடத்தில் உற்ற நண்பர் உண்டா’ என்ற 10ஆவது கேள்வி பலரை நெளியவைக்கும், ஆனாலும் நீக்காதீர்கள்.

சம்பளம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆனால் சம்பளம் குறைந்தால் அதிருப்தி வளரும் என்பது உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கின் கோட்பாடு. ஆகவே தனியாகக் கேளுங்கள். நான்கைந்து பேர் உள்ள குழுவில், யார் எழுதியது என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் 5 போட்டுவிடக்கூடும். அத்தகைய குழுக்களை ஒன்றுசேர்த்தே அறிக்கை எடுங்கள். முடிவு வந்ததும் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக் குழுவோடு பேசுங்கள். பன்னிரண்டையும் ஒரே கூட்டத்தில் அலசினால் எதுவும் நடக்காது.