பிரேதப் பரிசோதனை: கத்தியா, சிடி ஸ்கேனா?

உடலை அறுக்காமல் சிடி ஸ்கேன் எடுத்தே மரணக் காரணத்தைத் தேடுவதற்கென டெல்லி எய்ம்ஸ் 2021-இல் ஒரு மையத்தைத் தொடங்கியதிலிருந்து "கத்தியில்லாப் பிரேதப் பரிசோதனை" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. உடலை அறுக்க விரும்பாத குடும்பங்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் எந்த மரணத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

எலும்பு, உலோகம், காற்று மூன்றிலும் ஸ்கேன் முந்துகிறது. முக எலும்பு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு முறிவுகளை வழக்கமான பரிசோதனையில் முழுதாகத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் அடுக்குகளில் எடுத்த சிடி அவற்றைக் காட்டிவிடும். மார்புக்கூட்டில் சேர்ந்த காற்று, திறந்த நொடியே வெளியேறிவிடும். ஆனால் உடல் அழுகத் தொடங்கினால் நாளங்களில் வாயு நிறையும். அதைக் காயத்தால் புகுந்த காற்று என்று படிப்பது புதியவர்கள் செய்யும் தவறு.

இதயம், நுரையீரல் என்று வந்தால் சாதா சிடி தடுமாறுகிறது. மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் 182 பேரின் உடல்களில் ஸ்கேன் முடிவையும் கத்திப் பரிசோதனை முடிவையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், மரணக் காரணத்தைச் சொல்வதில் பெரிய முரண்பாடு சிடியில் 32%, எம்ஆர்ஐயில் 43%. தவறியவற்றில் முக்கியமானவை மாரடைப்பு நோய், நுரையீரல் நாள அடைப்பு, நிமோனியா. காரணம் எளிது: இறந்தபின் உறையும் ரத்தமும் உயிரோடிருக்கையில் அடைத்த ரத்தக்கட்டியும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும், முதுகுப்பக்கம் தேங்கும் ரத்தம் நிமோனியாவைப் போலிருக்கும்.

நாளங்களில் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராஃபி இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 210 பேரில் 193 பேருக்கு, அதாவது 92%, மரணக் காரணம் கிடைத்தது. காயத்திலும் ரத்தக்கசிவிலும் அது கத்தியை விஞ்சியது. நுரையீரல் நாள அடைப்பில் மட்டும் கத்தியே தேவலை. ரத்தம், சிறுநீர், கண்விழிக்குள் இருக்கும் திரவம் ஆகியவற்றின் மாதிரிகளைச் சாயம் ஏற்றும் முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் நச்சுப் பரிசோதனை முடிவை நம்ப முடியாது.

விஷமென்றால் போட்டியே இல்லை, கத்திதான். பூச்சிமருந்துச் சாவுகள் மலிந்த நம் ஊரில் இதை மறந்து பேசுவது வீண். வயிறும் அதிலுள்ளவையும், சுமார் 30 செ.மீ. சிறுகுடல், 500 கிராம் கல்லீரல், இரு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி, எல்லாம் செறிந்த உப்புக் கரைசலில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் வாயு மூடியைத் தள்ளிவிடும். ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு சேர்க்காவிட்டால் கிருமிகளே சாராயம் உண்டாக்கி, குடிக்காதவரைக் குடித்தவராக்கும்.

கழுத்து நெரிப்புச் சந்தேகத்தில் இரண்டும் வேண்டும். நாவடி எலும்பின் முறிவை ஸ்கேன் காட்டும். தசைக்குள் கசிந்த மெல்லிய ரத்தம் அதில் தப்பிவிடலாம். அதனால் ஸ்கேனை முதலில் முடித்து, மண்டையையும் மார்பையும் திறந்து ரத்தத்தை வடியவிட்டு, கடைசியாகக் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் அறுக்கும்போது கசியும் ரத்தம் தசைகளில் ஊறி, நெரித்த காயம்போலவே தெரியும்.