டிஸ்பேஸ்: மூன்று நூலகம், ஒரே தேடல்

பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகர் நான். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் நண்பர்களோடு சேர்ந்து மூன்று நூலகங்களின் பாடக்குறிப்பு, வினாத்தாள், வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட வழி பார்த்தோம். முதலில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், ஒவ்வொரு தேடலையும் மூன்று சர்வருக்கும் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு ஊரில் கரண்ட் போனால் மற்ற ஊர்ப் பிள்ளைகளும் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாவமாக இருக்கும்.

இப்போது டிஸ்பேஸ். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் எச்பி கம்பெனியும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட, கோப்புகளைச் சேர்த்துவைத்துத் தேடித் தரும் இலவச மென்பொருள். ஒரு சர்வரின் விவரக்குறிப்புகளை (தலைப்பு, ஆசிரியர் போன்றவை) இன்னொரு சர்வர் எடுத்துக்கொள்ள உதவும் ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை இதிலேயே உண்டு. ராத்திரி மற்ற இரண்டு இடத்து விவரக்குறிப்புகளையும் அள்ளி வந்துவிடும். கோப்புகள் அங்கேயே இருக்கும். தேடல் நம் சர்வரிலேயே நடப்பதால் பதில் உடனே வருகிறது.

திணறியது வேறிடத்தில். விவரக்குறிப்பு எழுதுவதற்கான பொதுத் தரமான டப்ளின் கோரின் 15 புலங்களில் (நிரப்ப வேண்டிய கட்டங்களில்), எதைப் பற்றியது என்று குறிக்க 'பொருள்' என்று ஒன்று. அதில் நான் தாமிரபரணி என்று போட்டிருந்தேன், அம்பை அண்ணாச்சி பொருநை, இன்னொருவர் தாமிரவருணி. எல்லாம் ஒரே ஆறு என்று நெறிமுறைக்கு எப்படித் தெரியும்? ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பொதுச் சொற்பட்டியல் போட்டோம். எந்த வகுப்புக்கான பாடம் என்று குறிக்கவும் அந்த 15-இல் புலம் கிடையாது. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு பாடப்பொருள்களுக்கென்றே வகுத்த எல்ஓஎம் தரத்தில் உண்டு. அதை மட்டும் எடுத்துச் சேர்த்தோம்.

நிறுவுவது லேசில்லை. லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் தாராளமாக இறங்கலாம்.