செங்கோட்டை மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காய்

செங்கோட்டைக் கடைத்தெருவில் பல ஆண்டுகளாக நான் போய்வரும் நாட்டு மருந்துக் கடை ஒன்று உண்டு. கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்தார் ‘கடுக்க’ என்று கேட்டாலும் நம்மவர் ‘கடுக்காய்’ என்று கேட்டாலும் அண்ணாச்சி ஒரே சாக்கிலிருந்துதான் அள்ளித் தருகிறார். சென்ற மாதம் கால் கிலோ வாங்கினேன். காய்கள் கனமாகவும் பூச்சித் துளையின்றியும் இருந்தன. தண்ணீரில் போட்டவை எல்லாம் அமிழ்ந்தன.

வகுப்பில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்ளும் ஆசிரியன் என்பதால், இதே காயைச் சீன மருத்துவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். இன்று ‘ஹெசி’ எனப்படும் இதன் பழைய சீனப் பெயர், பாரசீகத்தின் ‘ஹலீலா’ என்ற சொல்லின் ஒலிபெயர்ப்பு. கசப்பும் புளிப்பும் துவர்ப்பும் உடைய இக்காய் நுரையீரலையும் பெருங்குடலையும் சேரும் என்று வகுத்து, நாள்பட்ட இருமலுக்கும் குரலடைப்புக்கும் சுடாமலும், நிற்காத பேதிக்கு ஈர மாவில் பொதிந்து சுட்டும் கொடுக்கிறார்கள். குரல் போனவருக்கான கஷாயத்தில் அதிமதுரமும் சேர்கிறது. நாளளவு 3 முதல் 10 கிராம். காய்ச்சலும் சளியும் புதிதாகத் தொடங்கியிருக்கும்போது கொடுப்பதில்லை. துவர்ப்பு நோயை வெளியேறவிடாமல் உள்ளேயே அடைத்துவிடும் என்பது அவர்கள் கருத்து.

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று பாட்டி சொல்லிக் கொட்டையை எடுத்தெறிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சீனரும் கொட்டையை நீக்கிச் சதையை மருந்தாகக் கொள்வதுண்டு என்று படித்தபோது உண்மையாகவே உடல் சிலிர்த்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடையை நான் மதிக்கிறேன்: கேட்டால் அண்ணாச்சி நம் கண்ணெதிரே இரும்பு உரலில் தட்டிக் கொட்டையை நீக்கித் தருகிறார். எடை குறையும்; ஆனால் வாங்கியது இன்னதென்று தெரியும்.

குறையும் உண்டு. அங்கேயே விற்கும் கடுக்காய்ப் பொடிப் பொட்டலத்தில் அரைத்த தேதி இல்லை. கொட்டை நீக்கி அரைத்ததா என்று கேட்டதற்குத் தெளிவான பதிலும் கிடைக்கவில்லை. எனவே பொடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுக் காயாகவே வாங்குங்கள். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது நம் வைத்திய மரபு.

சிறு துண்டொன்றை இரவில் வாயில் அடக்கிக்கொள்கிறேன். தொண்டைக் கரகரப்பு ஓரளவு அடங்கியிருக்கிறது. காகிதத்தில் மடித்துத் தருவதை வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிட வேண்டும். சாரல் காலத்தில் அப்படியே விட்டால் பூசணம் பிடித்துவிடும்.