புது ரயிலா, கவச் சிஸ்டமா? தர்மபுரிக்காரன் கணக்கு

ரயில்வே காச முதல்ல எதுக்கு செலவு பண்ணணும், வந்தே பாரத் மாதிரி புது ரயிலுக்கா, சிவப்பு சிக்னல தாண்டாம வண்டிய நிறுத்தற கவச் சிஸ்டத்துக்கா? கோவை - பெங்களூர் வந்தே பாரத் 2023 டிசம்பர் 30ல கொடியசைச்சு விட்டாங்க, ஓசூர் மாதிரியே தர்மபுரிலயும் நிக்குது, கிருஷ்ணகிரிக்காரங்கதான் பாவம், டவுன்ல ஸ்டேஷனே இல்ல. தனி இன்ஜின் கிடையாது, பெட்டிகளுக்கு அடியிலயே மோட்டார் இருக்கறதால சட்டுனு வேகம் புடிக்கும், கதவு தானா சாத்திக்கும். ஏசி சுகம்தான், நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லல.

ஆனா நம்ம பாசஞ்சர்ல உக்காந்து பாருங்க. ராயக்கோட்டை தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன்ல லூப்ல, அதாவது மெயின் லைன்ல இருந்து பிரியற பக்கத்து தண்டவாளத்துல நிக்குது, எதிர் வண்டிக்கு வழி விடற கிராசிங்காம். பக்கத்துல ஒரு அக்கா வேர்க்கடலை உரிச்சு முடிச்சு தோல எல்லாம் பேப்பர்ல மடிச்சு வெச்சிட்டாங்க, சிக்னல் இன்னும் சிவப்புதான்.

அந்த சிவப்ப டிரைவர் கவனிக்காம தாண்டப் போனா? அதுக்குத்தான் கவச். தண்டவாளத்துல பதிச்ச ஆர்எப்ஐடி டேக் (ரேடியோவுல படிக்கற சின்ன அடையாள வில்லை), ஸ்டேஷன்ல இருந்து வர்ற ரேடியோ தகவல் ரெண்டையும் வெச்சு வண்டி எங்க இருக்கு, முன்னாடி என்ன சிக்னல்னு இன்ஜின்ல காட்டும், டிரைவர் பிரேக் போடலன்னா தானே போட்டுடும். எல்லாத்துக்கும் மருந்து இல்ல. 2023 ஜூன் 2 ஒடிசா பாலசோர் ரயில் விபத்துல மெயின் லைனுக்கு பச்சை விழுந்துச்சு, தண்டவாளம் மாத்தி விடற பாயின்ட் லூப்புக்கு திரும்பி இருந்துச்சு, வயரிங் தப்பு. அதுக்கு கவச் போதாது, கேபிள் வேலைய ஒழுங்கா செக் பண்ணணும்.

என் ஓட்டு கவச் மாதிரி சிக்னல் வேலைக்குத்தான். புது ரயிலுக்கு மாலை போட ஆள் வரும், தண்டவாளத்துல கிடக்கற டேக்குக்கு யாரு வந்து மாலை போடுவா.