மலையகக் கைப்பணிப் பொருட்களுக்கான இணையவழிக் கடை: நீண்டகாலப் பாவனையில் கண்டவை

கொரோனா முடக்கத்தால் சுற்றுலாப் பயணிகளின் வரவு நின்றுபோன பின்னர், இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பகுதித் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த பெண்கள் செய்யும் மூங்கில் கூடைகள், பழைய சேலைத் துணியில் தைத்த விரிப்புகள், நூற்பின்னல் பைகள் ஆகியவற்றை விற்பதற்காக எங்கள் குழு ஓர் இணையவழிக் கடையை ஆரம்பித்தது. இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸில், கடை நடத்துவதற்கான வூகொமர்ஸ் என்னும் திறந்த மூல மென்பொருளை நிறுவி, 2021 முதல் இன்றுவரை அதே கடையையே நடத்தி வருகிறோம். அதன் நிர்வாகப் பக்கத்தில் நாள்தோறும் வேலை செய்பவள் என்ற முறையில், இந்த ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் எவை விற்பனைக்கு உதவின, எவை பார்வைக்கு மட்டும் நன்றாக இருந்தன என்பதை, இதே முயற்சியில் இறங்க நினைக்கும் மலையகக் குழுக்களுக்காக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைப்பணிப் பொருளை வாங்க வருபவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் என்னென்ன அறிந்துகொள்வாரோ, அவை அனைத்தையும் எழுத்தாகவும் படமாகவும் பக்கத்தில் வைப்பதே ஒரு கடைக்குச் செய்யக்கூடிய முதன்மையான திருத்தம். நிறமும் எழுத்துருவும் பதாகைகளும் அதற்கு வெகுதூரம் பின்னால்தான் வருகின்றன.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாதச் சந்தா வாங்கும் ஆயத்தக் கடைச் சேவைகள் பயன்படுத்த எளிதானவை. ஆனால் அவற்றின் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுகிறது. 2022 மார்ச்சில் நாணய மாற்று வீதம் தளர்த்தப்பட்ட பின்னர், ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயையும் தாண்டியபோது, அத்தகைய சந்தாவைக் கட்டிக்கொண்டிருந்த சிறு விற்பனையாளர்கள் பலர் கடையை மூட நேர்ந்தது. இலவச மென்பொருளை நம்பியிருந்த எங்களுக்குத் தளப் பெயர், வழங்கிக் கட்டணம் ஆகிய இரண்டு செலவுகள் மட்டுமே கூடின. இதற்கு ஈடாக, இற்றைப்படுத்தல், காப்புப் பிரதி, பாதுகாப்பு ஆகிய பொறுப்புகள் முழுவதும் நம் தலையில் விழுகின்றன என்பதை ஏற்றுக்கொண்டே இந்த வழியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

இனிப் பொருட்பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் கடையில் அதிகம் பார்க்கப்படும் பொருள், பறித்த தேயிலைக் கொழுந்தைப் போடும் கொழுந்துக் கூடை. ஒரு காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் இந்தக் கூடையைப் பின்னத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பல தோட்டங்களில் நைலோன் பைகளும் பிளாஸ்டிக் கூடைகளும் வந்த பின்னர் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. இன்று அதே கூடையைச் சிறிய அளவுகளில் பின்னிப் பழம் வைக்கவும், துணி போடவும், பூச்சட்டி வைக்கவும் விற்கிறோம். தொடக்கத்தில் இதன் பக்கத்தில் ஒரு படமும் ஒரு விலையும் "கையால் பின்னியது" என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. வட்ஸ்அப்பில் வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே வகையானவை: எவ்வளவு பெரியது, எவ்வளவு பாரம் தாங்கும், ஈரத்தில் வைக்கலாமா, படத்தில் இருக்கும் அதே கூடைதான் வருமா? இந்தக் கேள்விகளைச் சேகரித்து, அவற்றின் விடைகளையே பக்கமாக எழுதினோம். வாயின் அகலம், அடியின் அகலம், உயரம், எடை, தாங்கக்கூடிய பாரம் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் கையால் பின்னப்படுவதால் ஓரிரு சென்ரிமீற்றர் வேறுபடலாம் என்பதையும், மூங்கிலின் பச்சை நிறம் நாளடைவில் வைக்கோல் நிறமாக மாறும் என்பதையும் மறைக்காமல் எழுதினோம். ஒரு படத்திலாவது கூடையின் அருகில் ஒரு தேநீர்க் கோப்பை இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். எண்களைப் படித்து அளவை மனதில் கொள்ள முடியாதவர்களுக்கு அந்தக் கோப்பையே அளவுகோல்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு, "நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கிறது" என்ற முறைப்பாடு பெருமளவு குறைந்தது. வேறெந்தத் திருத்தமும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை என்று தயங்காமல் சொல்வேன். துணி விரிப்புகளில் மட்டும் வேறொரு முறையைக் கையாள வேண்டியிருந்தது. பழைய சேலைகளில் தைக்கப்படுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது; ஆகவே ஒவ்வொரு விரிப்பையும் தனிப்பொருளாகப் பதிந்து, இருப்பு எண்ணிக்கையை ஒன்று என்று வைத்து, அதன் பின்புறத் தையலையும் சேர்த்துப் படமெடுக்கிறோம். வேலை கூடத்தான் செய்கிறது. எனினும் வாடிக்கையாளர் தாம் பார்த்த அதே விரிப்பைப் பெறுகிறார் என்ற நம்பிக்கை வேறு எந்த வழியிலும் கிடைப்பதில்லை.

படமெடுப்பதற்கு மலையகத்தைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மூடுபனி படர்ந்த காலையில் வெளிச்சம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக விழுவதால், பின்னலின் இடுக்குகளில் கறுத்த நிழல் விழாது. விளக்குகளோ வெள்ளைக் குடைகளோ வேண்டியதில்லை. அந்த ஒளியில் படம் சற்று நீலம் பாய்ந்து தோன்றும் என்பதால், முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பொருளோடு வைத்து எடுத்து, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் பயன்படுத்துகிறோம். சேலைத் துணியின் குங்குமச் சிவப்பு சரியாகத் தெரிவதற்கு இது இன்றியமையாதது.

கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் மூன்று நான்கு மெகாபைட் அளவில் இருக்கும். அவற்றை அப்படியே ஏற்றினால், பள்ளத்தாக்கில் உள்ள லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு கோட்டுச் சமிக்ஞையில் பார்ப்பவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது, டேட்டாவும் வீணாகும். எல்லாப் படங்களையும் 1200 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, குறைந்த அளவில் படத்தைச் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டுக்குள் அடக்கினோம். ஒரு பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 செக்கனுக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். எங்கள் முகப்பில் இருந்த, தானாக நகரும் பெரிய படங்களை நீக்கிய பின்னரே அதற்கு அருகில் வர முடிந்தது.

அடுத்ததாக நான் விரிவாகச் சொல்ல விரும்புவது முகவரிப் படிவத்தைப் பற்றியது. மலையகத்துக்கு வெளியே இருந்து கடை நடத்துபவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வழமையான படிவம் வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் கட்டாயமாகக் கேட்கிறது. லயத்தில் வாழும் பல குடும்பங்களுக்கு இவ்விரண்டும் இல்லை. அவர்களுடைய கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் கைக்குக் கிடைக்கும். எங்கள் கடையில் பொருள் வாங்குபவர்களில் கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கணிசமானவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குப் பரிசு அனுப்ப விரும்பும் இவர்கள், வீதி என்ற பெட்டியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த இடத்திலேயே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் அந்தப் பெட்டிகளின் கட்டாயத்தை நீக்கி, தோட்டத்தின் பெயர், பிரிவு, அண்மையில் உள்ள நகரம், பெறுபவரின் தொலைபேசி எண் என்ற நான்கை வைத்தோம். பல தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும் மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பதால், எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும்படி அதைத் திறந்த பெட்டியாகவே விட்டோம். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பது தெரியாவிட்டால் பார்சல் கொண்டுபோகும் பையன் ஒரு மலையைச் சுற்றி வர வேண்டியிருக்கும் என்பதால் பிரிவு மட்டும் கட்டாயம். இவற்றோடு, நகரத்தில் தெரிந்த ஒரு கடையில் பொருளை வைத்துவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் முறையையும் சேர்த்தோம். சம்பள நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ டவுனுக்கு வருபவர்கள் வாங்கிச் செல்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு முகவரி இல்லாமலிருப்பது நாட்டின் பெருங்குறை. ஒரு சிறு கடையின் படிவம் அந்தக் குறையை அவர்கள் முகத்தில் மீண்டும் ஒருமுறை காட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பணம் செலுத்தும் வழிகளில், வங்கி வைப்பும் இணையவழிப் பரிமாற்றமுமே உள்நாட்டு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விரும்புபவை. கைத்தொலைபேசியால் வருடிப் பணம் செலுத்தும் லங்காகியூஆர் குறியீட்டையும் அட்டைவழிக் கொடுப்பனவையும் பின்னர் சேர்த்தோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பேபால் கேட்பார்கள். நாங்கள் கடை தொடங்கியபோது இலங்கைக் கணக்கில் அதன்மூலம் பணம் பெற வழி இருக்கவில்லை என்பதால் அட்டையையே நம்ப வேண்டியிருந்தது. பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறையை ஆயத்தமாக உள்ள பொருட்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். சொல்லிச் செய்யும் பொருளுக்குப் பாதி விலையை முற்பணமாக வாங்குகிறோம். ஏனெனில் பெயர் தைத்த ஒரு விரிப்பை வாசலில் நின்று வேண்டாம் என்று மறுத்துவிட்டால், அதைச் செய்த பெண்ணின் பல இரவுகளின் உழைப்பு வேறெவருக்கும் விற்க முடியாத பொருளாகிவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் கூடை ஒரு தனிச் சிக்கல். விமானக் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் கொள்ளளவு எடையையும் பார்த்து, இரண்டில் கூடியதற்கே கட்டணம் வாங்குவது வழமை. 40 சென்ரிமீற்றர் பக்கமுள்ள பெட்டியில் வைத்த ஒரு கூடை, தராசில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கணக்கில் 12.8 கிலோவாகிவிடும். இதனால் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அளவுகளில் பின்னும்படி கேட்டுக்கொண்டு, மூன்றையும் ஒரு தொகுதியாக விற்கத் தொடங்கினோம். ஒரே பெட்டி, ஏறத்தாழ ஒரே கட்டணம், மூன்று கூடைகள். கடையின் திருத்தம் பின்னுபவரின் கைவரை சென்ற இடம் இதுதான். எனக்கு மிகவும் நிறைவு தந்ததும் இதுவே.

அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே மரம், மூங்கில், வைக்கோல் ஆகியவற்றாலான பொருட்களை உயிரியற் பாதுகாப்புக்காகச் சோதிக்கிறார்கள். பட்டையோ பூச்சியோ இருந்தால் பொருளைப் பதப்படுத்தவோ அழிக்கவோ நேரிடும். மூங்கிலில் உள்ள மாச்சத்துக்காகவே துளைக்கும் வண்டு வருகிறது என்பதால், வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைத்து அந்தச் சத்தைக் குறைத்து, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பதப்படுத்திய பின்னரே பின்னுகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலமான மே முதல் செப்டெம்பர் வரை காய்வது கடினம் என்பதால், அந்த மாதங்களில் கூடைகளுக்கான செய்முடிப்புக் காலத்தைப் பக்கத்தில் இரட்டிப்பாகக் காட்டுகிறோம். ஈரம் முழுதும் வற்றாத கூடையைப் பொலித்தீனில் அடைத்தால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். கடதாசியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு அனுப்புவதே பாதுகாப்பானது.

செய்பவர்களைப் பற்றிய பகுதியை எவ்வாறு அமைப்பது என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கூடையைத் தலையில் மாட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கும் கொழுந்துப் பெண்ணின் படம் வெளிநாட்டவரை ஈர்க்கும் என்று பலர் அறிவுரை சொன்னார்கள். விளம்பரங்களிலும் தேயிலைப் பெட்டிகளிலும் அந்தப் படத்தை உலகம் போதுமான அளவு பார்த்துவிட்டது. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்க யாரும் இல்லை. எங்கள் கடையில் எவருடைய முகமும் அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வருவதில்லை. அவர் விரும்பினால் எந்த நேரத்திலும் நீக்கலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனியாளைப் பற்றிய தரவைக் கையாள்வதற்கு விதிகளை வகுத்திருக்கிறது. முகத்துக்குப் பதிலாகப் பின்னும் கைகளையும், ஒரு பொருளைச் செய்ய எடுக்கும் மணித்தியாலங்களையும், விலையில் செய்தவருக்குச் செல்லும் பங்கையும் பக்கத்தில் காட்டுகிறோம். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது இதன்பின் அருகிவிட்டது.

மொழியைப் பொறுத்தவரை தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பக்கங்கள் இருக்க வேண்டும் என்பதில் கேள்வியே இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து தேடுபவர்கள் நிறைய இருப்பதால், ஒவ்வொரு பொருளின் தேடற்சொற்களிலும் அந்த வடிவங்களைச் சேர்த்துக்கொள்வது பயன் தருகிறது.

பயன் தராதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கம் திறந்தவுடன் மின்னஞ்சல் கேட்டு முன்னால் குதிக்கும் பெட்டி, விலைக்கழிவு முடிய எஞ்சிய நேரத்தைக் காட்டும் கடிகாரம், தானியங்கி அரட்டை ஆகியவற்றை ஆலோசனையின் பேரில் சேர்த்துப் பார்த்து, பின்னர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். வட்ஸ்அப் பொத்தான் ஒன்று போதும். மக்கள் மனிதரோடு கதைக்கவே விரும்புகிறார்கள்.

இப்போது எஞ்சியிருப்பது, பொருள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாடும், நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலச் சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்துக்கு முன்பே இருப்பைத் திட்டமிடும் முறையும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் பெண்களுக்குப் பின்ன நேரம் கிடைப்பதில்லை என்பதால், ஒவ்வொருவரும் ஒரு வாரத்தில் எத்தனை பொருட்களைச் செய்ய முடியும் என்று தாமே குறித்துத் தரும் ஒரு எளிய அட்டவணையைச் சோதித்து வருகிறோம். அந்த எண்ணுக்கு மேல் ஓடர் வந்தால் கடை தானாகவே அந்தப் பொருளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிக் காட்டும்.