எங்கள் ஊர் கேபிளின் எட்டு மணிச் செய்தி

இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியின் எட்டு மணிச் செய்தியைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் செய்தியாளராகி, படம் பிடிப்பதையும் வாசிப்பதையும் தாமே செய்து நடத்தும் அரைமணி நேரம் அது.

இதன் தரத்தை அறிய, இலங்கைக் கடற்படையிடம் மீனவர்கள் கைதாகும் நாளில் பார்க்க வேண்டும். பெரிய அலைவரிசைகளில் விடிந்ததிலிருந்தே எண்ணிக்கை மாறி மாறி ஓடும். இவரோ, கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையில் வாங்கிய டோக்கனோடு படகின் பதிவு எண்ணை ஒத்துப் பார்த்து, உரிமையாளரிடமும் விசாரித்து, வீட்டாருக்குத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகே பெயர்களை வாசிப்பார். ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில், கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைய செய்தியில் அந்த வீட்டு அழுகை வரவில்லை. இலங்கை 2018இல் சட்டத்தைத் திருத்தி, எல்லை தாண்டும் படகுகளுக்கான அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்திய பிறகு, ஆள் திரும்பினாலும் படகு திரும்புவதில்லை என்ற நிலையை, கடன் வாங்கிப் படகு கட்டியவர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து சந்தித்துச் சொன்னவரும் இவரே.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால், புயல் வந்துவிட்டதாக அலறாமல், துறைமுகத்தில் திடீர்க் காற்றோடு மழை பெய்யலாம் என்பதே அதன் பொருள் என விளக்குவார். செய்தியாளர் கூட்டங்களில் கை மாறும் கவரை அவர் தொடுவதில்லை என்பது ஊரறிந்தது. இறால் பண்ணைக் கழிவு பற்றிச் செய்தி போட்டதும் அந்தப் பண்ணையின் விளம்பரம் நின்றது, செய்தி நிற்கவில்லை.

குறைகளும் உண்டு. கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மைக்கில் காற்றிரைச்சல் மட்டுமே கேட்கிறது. இத்தனை ஆண்டுகளில் அதற்கொரு பஞ்சுறை வாங்கியிருக்கலாம். தொண்டிப் பக்கத்துச் செய்தி அரிதாகவே வருகிறது. கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் திரையின் கால்பகுதியை அடைத்துவிடுகின்றன.

புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் இரவு ஒளிபரப்பையே பார்க்கவும். காலை மறு ஒளிபரப்பில் விளம்பரத்துக்காகக் கடைசி ஐந்து நிமிடத்தை வெட்டிவிடுகிறார்கள்; முந்தைய நாள் செய்தியில் நேர்ந்த பிழையை அவர் திருத்தி வாசிப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.