எம்பி3-ஐ 'ஒரிஜினல் தரத்துக்கு' மீட்டுத் தருவதாகச் சொன்ன மென்பொருளை நம்பி ஏமாந்தேன்

பாட்டுக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் பதிவு செய்த பழைய குரல்களை வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எம்பி3 கோப்புகளை 'லாஸ்லெஸ் தரத்துக்கு மீட்டுத் தருகிறோம்', அதாவது சுருக்கத்தில் எதையும் இழக்காத ஒலியாக்கித் தருகிறோம், என்று சொல்லும் எந்த மென்பொருளையும் உங்கள் கணினியில் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவின் குரலில் இருந்த பதினொரு பதிவுகளில் ஒன்பது போய்விட்டன.

என்னிடம் சுமார் 4,300 கோப்புகள் இருந்தன. பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3. வட்டு இடம் போதாத காலத்தில், ஒரு பாட்டு நாலு எம்பிக்குள் அடங்கினால் போதும் என்று நானே மாற்றி வைத்தவை. அவற்றோடு, அம்மா பாடிய கேசட் ஒன்றிலிருந்து நான் எடுத்த பதினொரு துண்டுகளும். அந்த கேசட்டின் நாடா பிறகு சிக்கி அறுந்துவிட்டது. ஆகவே அந்த எம்பி3தான் மூலம். வேறு எதுவும் இல்லை.

மென்பொருள் எனக்குக் கிடைத்தது தேடலின் முதல் வரியில், விளம்பரமாக. 'சுருக்கும்போது தொலைந்த ஒலியை மீட்டு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக்காக மாற்றும்' என்று போட்டிருந்தார்கள். ஃபிளாக் என்பது ஒலியை இழப்பில்லாமல் சுருக்கி வைக்கும் கோப்பு வகை. வாங்குவதற்கு முன் 30 விநாடி கேட்டுப் பார்க்கலாம். 'முன்', 'பின்' என்று இரண்டு பொத்தான். 'பின்' பொத்தானை அழுத்தினால் பாட்டு நிஜமாகவே நன்றாக இருந்தது. வீணை முன்னால் வந்தது போல, தாளம் கொஞ்சம் கனத்தது போல. நான் இந்த விஷயங்களைப் பல வருடங்களாகப் படிப்பவன், அப்படியும் அந்த இடத்தில் விழுந்தேன். காரணம் பின்னால்தான் தெரிந்தது: 'பின்' என்ற துண்டின் ஒலியளவை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரே பாட்டை இரண்டு அளவில் போட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதே தரமானது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும். யாருடைய காதாக இருந்தாலும் அப்படித்தான். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்காத வரை, எந்த ஒப்பீட்டையும் நம்பக் கூடாது.

பணம் கட்டினேன். முழு ஃபோல்டரையும் கொடுத்துவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். மேம்பட்ட அமைப்புகள் என்ற பக்கத்துக்குள் போனால்தான் தெரியும், 'மாற்றியபின் மூலக் கோப்பை நீக்கு' என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தது. நான் அந்தப் பக்கத்துக்குள் போகவில்லை. அது என் தவறு. ஆனால் ஒருவருடைய மூலக் கோப்பை அழிப்பதை, அவரிடம் கேட்காமல் இயல்பமைப்பாக வைப்பது எந்த நியாயத்தில் சேரும்? அதுவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாக.

காலையில் முதலில் கண்ணில் பட்டது பெயர்கள். கோப்புக்குள் தமிழில் எழுதி வைத்த டேக் (ஆல்பம், பாடியவர் போன்ற விவரங்கள்) எல்லாம் கேள்விக்குறியாகியிருந்தது. 'அம்மா' என்று ஆல்பம் பெயர் வைத்திருந்தேன். அங்கே ஐந்து கேள்விக்குறிகள் நின்றன. நமக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. ஃபிளாக் கோப்பின் டேக்கில் எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூடிஎஃப்-8 குறிமுறைதான் பயன்படுகிறது, தமிழ் அழகாக உட்காரும். இந்த மென்பொருள் நடுவில் எங்கேயோ ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிந்த பழைய குறிமுறை வழியாகப் பெயர்களைக் கொண்டுபோயிருக்கிறது. எழுத்து குழம்பி வேறு எழுத்தாக வந்திருந்தால் திருப்பி மாற்ற ஓரளவு வழி உண்டு. கேள்விக்குறியாகிவிட்டால் எல்லாமே ஒரே குறிதான், எதிலிருந்து எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ராகம், பாடியவர், இயற்றியவர் என்று பல வருடமாக உட்கார்ந்து தட்டியதெல்லாம் அப்படியே போனது.

சரி, ஒலியாவது தேறியதா என்று பார்க்க ஸ்பெக் என்ற சின்ன இலவசக் கருவியில் ஒரு கோப்பை இழுத்துப் போட்டேன். இது பாட்டின் அலைவரிசைகளைப் படமாக வரைந்து காட்டும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், வண்ணம் ஒலியின் வலிமை. விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறோமோ அதில் பாதி வரைதான் அதிர்வெண் பதியும்; 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு என்பதால் படம் 48 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்ந்து நின்றது. பாட்டு 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்தது போல முடிந்திருந்தது. அதற்கு மேலே மூன்றில் இரண்டு பங்கு படம் வெறும் கறுப்பு. அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, எல்லாம் அதே கோட்டில். 128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் வெட்டுகிற இடம் அதேதான். எதுவும் திரும்பி வரவில்லை. 17 ஜிபி தொகுப்பு 200 ஜிபியைத் தாண்டியதுதான் கண்ட பலன்.

இது ஏன் நடக்காது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் இந்த வகை ஏமாற்று எதுவுமே உங்களிடம் பலிக்காது. சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை, 16 பிட்டில், இரண்டு சேனலில் அளக்கப்படுகிறது. கணக்குப் போட்டால் 1,411 கேபிபிஎஸ். 128 கேபிபிஎஸ் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. பலமான ஒலி அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலியைக் காதுக்கு மறைத்துவிடும் என்ற தன்மையை வைத்து, காது கவனிக்காது என்று நினைப்பதை எம்பி3 தூக்கி எறிகிறது. மறைத்து வைப்பதில்லை, எறிந்துவிடுகிறது. கோப்புக்குள் அது எந்த மூலையிலும் கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இப்போது செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி மேல் அதிர்வெண்களை நிரப்பித் தரும் கருவிகள் இருக்கின்றன. அவை நிரப்புவது ஊகத்தை. கேட்க இனிமையாக இருக்கலாம், ஆனால் அன்றைக்குப் பாடியவர் தொண்டையிலிருந்து வந்ததல்ல.

விற்றவர்களுக்கு ஸ்பெக் படத்தோடு எழுதினேன். 'கோப்பைச் சரிபார்ப்புச் சோதனையில் ஓட்டுங்கள், நூறு சதவீதம் லாஸ்லெஸ் என்று வரும்' என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இதையே சொல்வார்கள். சோதனை தேறத்தான் செய்யும். ஃபிளாக் கோப்புக்குள் அதன் ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற அடையாள எண் ஒன்று இருக்கிறது. சோதனை அதோடு ஒப்பிட்டு, கோப்பு கெடவில்லை என்று மட்டும் சொல்கிறது. உள்ளே வைத்தது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. கெட்டுப்போன ஒலியைக் கொடுத்தாலும் அதே கெட்ட ஒலியை ஒரு பிட் குறையாமல் பத்திரமாக வைத்திருக்கும். லாஸ்லெஸ் என்றால் அவ்வளவுதான் பொருள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள்' என்றார்கள். அடுத்த மாதம் வேறொரு பெயரில் கார்டிலிருந்து மறுபடி பணம் எடுக்கப்பட்டது. வாழ்நாள் உரிமம் என்று வாங்கியது, விதிமுறைகளின் அடியில் மாதச் சந்தாவாக மாறியிருந்தது. வங்கியிடம் சொல்லித்தான் நிறுத்த முடிந்தது.

பணத்தை விட என்னைப் பாதித்தது அம்மாவின் பதிவுகள். அம்மா பாட ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமுவார். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் தங்கையைப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இருடி" என்பார். அப்புறம் ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் பாட்டு. இந்த மென்பொருள் அதை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. மாற்றிய கோப்பில் பாட்டு சட்டென்று தொடங்குகிறது, இரண்டு வரிக்கு இடையில் மூச்சு இல்லை, பின்னால் அறை இல்லை. அம்மா ஏதோ வெற்றிடத்தில் நின்று பாடுவது போல இருந்தது. என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்துவிட்டால், அந்த வட்டில் அந்த நிமிடமே எழுதுவதை நிறுத்துங்கள். அழித்த கோப்பு சாதாரண ஹார்ட் டிஸ்கில் உடனே மறைவதில்லை. அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை கிடக்கும். எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்ற வசதி பெரும்பாலும் அந்த இடத்தை விரைவிலேயே சுத்தம் செய்துவிடும், நம்பிக்கை மிகக் குறைவு. என்னுடையது ஹார்ட் டிஸ்க். ஆனால் மென்பொருளே 200 ஜிபி புதுக் கோப்பை அதே வட்டில் கொட்டி, பழையவற்றின் மேல் எழுதியிருந்தது. ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓட்டி, மீண்டதை வேறொரு வட்டில் சேமித்தேன். மீட்கிற இடத்திலேயே சேமித்தால் மிச்சத்தையும் நாமே அழித்துவிடுவோம்.

இன்னொன்று, ஸ்பெக்கில் பார்க்கும்போது அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பழைய கேசட், பழைய வானொலிப் பதிவு ஆகியவற்றில் மேல் அதிர்வெண் இயல்பிலேயே குறைவு. அங்கே படம் மெல்ல மெல்ல மங்கும். கத்தி வெட்டு போல நேர்கோடு இருந்தால்தான் எம்பி3 சந்தேகம். 320 கேபிபிஎஸ் கோப்பு சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால் அதைப் பிடிப்பது கடினம். 'ஹை-ரெஸ்' (சிடியை விட உயர்ந்த தரம்) என்று காசு கொடுத்து வாங்கும் ஆல்பங்களையும் இதே மாதிரி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்பெக் இல்லாவிட்டால் ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வை இருக்கிறது. கேட்டு ஒப்பிட வேண்டுமா, ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற மறைத்துக் கேட்கும் சோதனைக்கான துணைக்கருவி உண்டு. அதிலுள்ள ரீபிளேகெயின் என்ற வசதியை வைத்து ஒலியளவைச் சமமாக்கிவிட்டு, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். டேக்கைத் தமிழில் எழுத நான் இப்போது எம்பி3டேக் பயன்படுத்துகிறேன், எழுத்து சிதறுவதில்லை. விண்டோஸில் எல்லாமே இலவசம். பெயரைத் தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல், அவரவர் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள்.

ஃபோட்டோரெக் கோப்புகளைப் பெயரோடு மீட்பதில்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீளமான எண்ணுமாக அறுநூற்றுச் சொச்சம் எம்பி3 வந்தன, பாதி உடைந்தவை. மூன்று வாரம், தினமும் இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். அம்மாவுடையவை இரண்டு கிடைத்தன. ஒன்று நடுவில் அறுந்துவிடுகிறது. இன்னொன்று முழுசாக இருக்கிறது: மின்விசிறி, செருமல், "சும்மா இருடி", மூச்சு, பாட்டு. இப்போது அதற்கு மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன், ஒன்று தங்கை வீட்டில்.